‘திடீர்’ நோய் திடீரென வருவதில்லை

மாணவர்களே, நேற்றுவரை வாலாட்டிக்கொண்டு ஓடிவந்த நாய் இன்று எழுந்து நிற்கவே தள்ளாடுகிறது. உணவைத் தொடவில்லை. காய்ச்சல் அடிக்கிறது. மூக்கிலிருந்து இரத்தம் வடிகிறது. “திடீரென்று வந்துவிட்டதே!” என்று வீட்டார் பதறுவார்கள். ஆனால் அந்த நோய் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில், நாயின் உடலுக்குள் மறைந்திருந்திருக்கலாம்.

இந்த நோய்க்கும் சிங்கப்பூருக்கும் தொடர்பு உண்டு. 1960களில் இங்கிருந்த பிரிட்டிஷ் ராணுவத்தின் நாய்கள் மூக்கில் இரத்தம் கசிந்து மடிந்தன. 1967ல் மருத்துவர்கள் இதைப் புதியதொரு நாய் நோய் என்றே கட்டுரையில் விவரித்தார்கள். அதன்பின் வியட்னாம் போரில் அமெரிக்க ராணுவத்தின் நூற்றுக்கு மேற்பட்ட நாய்கள் இதே நோய்க்குப் பலியாயின. ஜெர்மன் ஷெப்பர்ட் இன நாய்களை அது கடுமையாகத் தாக்கியது.

குற்றவாளி யார்?

எர்லிக்கியா கேனிஸ் என்னும் பாக்டீரியா. அல்ஜீரியாவில் 1935லேயே கண்டறியப்பட்ட கிருமிதான் இது. நாயிடமிருந்து நாய்க்கு இதைக் கொண்டுசெல்வது பழுப்பு நிற நாய் உண்ணி. உண்ணி ஒரு பூச்சி அன்று. வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால்கள். சிலந்தியின் உறவு அது.

உண்ணி கடிக்கும்போது கிருமி இரத்தத்தில் கலக்கிறது. நோயை எதிர்க்க வேண்டிய வெள்ளை அணுக்களுக்குள்ளேயே புகுந்து பெருகுகிறது. காவலர் வீட்டிலேயே திருடன் குடியேறுவதைப் போன்றது இது!

மூன்று கட்டங்கள்

முதல் கட்டம்: கடித்து ஒன்று முதல் மூன்று வாரங்களில் காய்ச்சலும் சோர்வும் வரும். இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறையும். ஆரோக்கியமான நாய்க்கு ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 200,000 முதல் 500,000 வரை தட்டணுக்கள் இருக்கும். எண்ணிக்கை மிகவும் சரிந்தால் காயமே இல்லாமல் இரத்தம் கசியும்.

இரண்டாம் கட்டம்: நாய் தேறிவிட்டதுபோல் தோன்றும். கிருமியோ மறைந்திருக்கும். இது மாதங்கள், ஆண்டுகள்கூட நீளலாம்.

மூன்றாம் கட்டம்: சில நாய்களுக்கு எலும்பு மஜ்ஜை செயலிழக்கும். சிவப்பணு, வெள்ளை அணு, தட்டணு மூன்றும் வற்றும். இந்நிலையில் பிழைப்பது அரிது.

மீள்வது எப்படி?

முதல் கட்டத்தில் சிகிச்சை தொடங்கினால் பெரும்பாலான நாய்கள் பிழைக்கின்றன. டாக்சிசைக்ளின் என்னும் மருந்து பாக்டீரியாவின் ரைபோசோமில் ஒட்டிக்கொண்டு புரத உற்பத்தியை நிறுத்துகிறது. புரதம் இன்றிக் கிருமி பெருக முடியாது. நாய் உயிரணுக்களின் ரைபோசோம் வேறு அமைப்புடையது. அதனால் அதற்குப் பெரிய பாதிப்பில்லை. இரத்தம் மிகக் குறைந்த நாய்க்கு இன்னொரு நாயின் இரத்தத்தையும் செலுத்துவார்கள்.

பல நாய்கள் ஓரிரு நாளிலேயே எழுந்து உண்ணத் தொடங்கிவிடும். இங்கேதான் ஆபத்து. “நன்றாகிவிட்டதே” என்று மருந்தை நிறுத்திவிடக்கூடாது. வழக்கமாக 28 நாள் கொடுக்கச் சொல்வார்கள். நாய் துள்ளுவது நலத்தின் அறிகுறி. கிருமி ஒழிந்ததற்குச் சான்று அன்று. அதை இரத்தப் பரிசோதனையைக் கொண்டே மருத்துவர் கணிக்க முடியும்.

நீங்கள் செய்யக்கூடியது

இந்த நோய்க்குத் தடுப்பூசி இல்லை. ஒருமுறை மீண்ட நாயையும் இது மறுபடி தாக்கலாம். ஆகவே ஜூரோங் ஏரித் தோட்டத்திலோ புளோக்கின் அருகிலுள்ள புல்வெளியிலோ நாயை நடத்திவிட்டு வந்ததும் காதுகளின் உட்புறம், விரல் இடுக்குகள், கழுத்துப் பட்டையின் அடிப்பகுதி ஆகியவற்றைத் தடவிப் பாருங்கள். உண்ணி இருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக மெல்ல இழுத்து எடுங்கள். நசுக்க வேண்டாம். கடித்த சில மணி நேரத்திலேயே கிருமி பரவக்கூடும் என்பதால் மருத்துவர் பரிந்துரைக்கும் உண்ணித் தடுப்பு மருந்தும் தேவை. இந்த உண்ணி வீட்டுச் சுவர் இடுக்கிலும் முட்டையிட்டு வாழும், அங்கும் தேடுங்கள்.

சிந்தித்துப் பாருங்கள்: இந்தக் கிருமி தாய் உண்ணியிடமிருந்து முட்டைக்குச் செல்வதில்லை. அப்படியானால் புதிதாகப் பொரிந்த உண்ணிக்குக் கிருமி எங்கிருந்து கிடைக்கிறது? ஒரு நாயை முழுமையாகக் குணப்படுத்துவது அக்கம்பக்கத்து நாய்களையும் எப்படிக் காக்கிறது?