அட்டை இருந்தும் ஏன் பிடித்தார்கள்?

சென்ற மாதம் ஞாயிறு வகுப்பு முடிந்து பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். படிவம் நான்கில் படிக்கும் தம்பி ஒருவன் அருகில் வந்து, "அண்ணே, எங்க தாமான்ல இருக்கிற இலங்கைக்காரங்க வீட்டு அப்பாவைப் பிடிச்சிட்டாங்க. அவர்கிட்ட ஐ.நா. கார்டு இருக்கே, அப்புறம் ஏன் பிடிச்சாங்க?" என்று கேட்டான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. "விசாரிச்சிட்டு விட்டுடுவாங்கப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் வீடு திரும்ப நான்கு நாள் ஆனது. அதுவரை யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் அவர் மனைவி தவித்திருக்கிறார். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னது என் தவறு. அதனால்தான் இந்த மாதப் பாடம் இது.

1. அகதி யார், தொழிலாளி யார்?

வேலை தேடித் தன் விருப்பத்தில் வருபவர் அந்நியத் தொழிலாளர். அவரால் ஊர் திரும்ப முடியும். அகதியால் முடியாது. இனம், மதம், நாட்டுரிமை, ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்திருப்பது, அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஏதாவது ஒன்றின் காரணமாகத் தன் நாட்டில் துன்புறுத்தப்படுவோம் என்று தகுந்த அச்சம் கொண்டு வெளியேறியவரே அகதி என்கிறது 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை. 1967ஆம் ஆண்டின் நெறிமுறை அதை உலகம் முழுமைக்கும் விரிவாக்கியது.

2. மலேசியா எங்கே நிற்கிறது?

இந்த இரண்டிலும் மலேசியா கையெழுத்திடவில்லை. நம் குடிநுழைவுச் சட்டம் 1959/63இல் 'அகதி' என்று தனிப் பிரிவே கிடையாது. முறையான அனுமதி இல்லாமல் நுழைந்தவர் யாராக இருந்தாலும் 6ஆம் பிரிவின்கீழ் குற்றவாளிதான். 10,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, 6 பிரம்படி வரை தண்டனை உண்டு.

அப்படியானால் அந்த அட்டை எதற்கு? அது ஐ.நா. அகதிகள் ஆணையம் தருவது, நம் அரசாங்கம் தருவது அல்ல. அட்டையைச் சரிபார்த்து விட்டுவிடுவது நடைமுறையில் உண்டு. அரசாங்க மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி தள்ளுபடியும் கிடைக்கிறது. ஆனால் அட்டையை வைத்துச் சட்டப்படி வேலை செய்ய முடியாது. பிள்ளைகளை அரசாங்கப் பள்ளியில் சேர்க்க முடியாது. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை மலேசியா 1995இல் ஏற்றது. ஆனால் இலவசக் கட்டாயத் தொடக்கக் கல்வி பற்றிய பகுதிக்கு விலக்கு வைத்துக்கொண்டது.

தம்பியின் கேள்விக்குப் பதில் இதுதான்: அட்டை இருந்தால் இரக்கம் கிடைக்கலாம், உரிமை கிடைக்காது. இரக்கம் ஆளுக்கு ஆள் மாறும்.

3. திருப்பி அனுப்பக் கூடாது

உடன்படிக்கையின் 33ஆம் பிரிவு, உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்து உள்ள இடத்துக்கு அகதியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது. இது இன்று உலக வழக்காறாகவே ஆகிவிட்டது, கையெழுத்திடாத நாடுகளையும் கட்டுப்படுத்தும் என்பது ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் நிலை.

ஆனாலும் 2014 மே மாதம் மூன்று இலங்கைத் தமிழர்கள் இங்கே கைதாகி, சில நாட்களிலேயே கொழும்புக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் இருவரை ஐ.நா. ஏற்கெனவே அகதிகளாக ஏற்றிருந்தது. அட்டையால் அதைத் தடுக்க முடியவில்லை.

4. நமக்கு என்ன?

"நம்ம பிரச்சினையே ஆயிரம் இருக்கு, இதுல இவங்க வேறயா?" என்று வகுப்பில் ஒரு தங்கை கேட்டாள். நேர்மையான கேள்விதான்.

தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதவர் வேலை செய்யப் பெர்மிட் எடுக்க வேண்டும் என்று வந்தது. தோட்டத்தில் பல ஆண்டு உழைத்தும் நீல அடையாளக் கார்டு வாங்காமல் இருந்த தமிழர்கள் பல்லாயிரம் பேர் வேலை இழந்து கப்பலேறினார்கள். ஒரு காகிதம் இல்லாததால் வாழ்வே கவிழ்வதை நம் குடும்பங்களே பார்த்திருக்கின்றன. இன்றும் விடியற்காலையில் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் போகும் நம் ஜொகூர் பிள்ளைகள் அங்கே பெர்மிட் வைத்திருக்கும் அந்நியத் தொழிலாளர்கள்தானே!

இராமாயணத்தில் விபீஷணன் அடைக்கலம் கேட்டு வந்தபோது, பகைவனின் தம்பியை நம்பாதீர்கள் என்றான் சுக்ரீவன். இராமன் அந்தப் பேச்சை அடக்கவில்லை. எல்லோர் கருத்தையும் கேட்டான், அனுமன் சொன்னதையும் கேட்டான், பிறகு ஏற்றுக்கொண்டான். விசாரிப்பது தவறில்லை. விசாரிக்காமலே விரட்டுவதுதான் தவறு.

5. நாம் செய்யக்கூடியவை

• தெரிந்த அகதிக் குடும்பம் இருந்தால், அட்டையின் நகலும் ஐ.நா. அலுவலகத் தொலைபேசி எண்ணும் வீட்டில் ஒருவரிடமாவது இருக்கச் சொல்லுங்கள். யாராவது கைதானால் அன்றைக்கே அந்த எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

• வீடு வாடகைக்கு விடுவதற்கும் வேலை கொடுப்பதற்கும் முன் வழக்கறிஞரிடம் கேளுங்கள். அனுமதி இல்லாதவருக்கு இடம் கொடுப்பதும் இங்கே குற்றமாகலாம். நல்ல மனம் மட்டும் போதாது.

• அப்பா, மாமா கடையில் அந்நியத் தொழிலாளர் இருந்தால், அவர்களுடைய கடப்பிதழை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள். கடப்பிதழ்ச் சட்டம் 1966இன்படி அது குற்றம். சட்டப்படி வேலை செய்பவருக்கு 2019 முதல் சொக்சோ பாதுகாப்பும் உண்டு.

• அகதிப் பிள்ளைகளுக்குச் சமூகக் கல்வி மையங்கள் இருக்கின்றன. வாரம் இரண்டு மணி நேரம் கணிதம் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும்.

அந்தத் தம்பியை இப்போது மறுபடியும் கூப்பிட்டுச் சரியான பதிலைச் சொன்னேன். "அப்ப திரும்பவும் பிடிப்பாங்களா அண்ணே?" என்றான். பிடிக்கலாம் என்றேன். அடுத்த ஞாயிறு அவரும் அவர் மனைவியும் நம் வகுப்புக்கு வருகிறார்கள். எண்ணை எழுதி வைத்திருக்கிறேன்.

கலந்துரையாட:
அ) உங்கள் குடும்பம் மலேசியா வந்தது எப்படி? எந்தக் காகிதத்தோடு வந்தார்கள்?
ஆ) இரக்கத்துக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டோடு விளக்குங்கள்.