நகரும் சராசரி: பூ விலையில் ஒரு கணக்கு



புள்ளியியல் பாடத்தில் கூட்டுச் சராசரி படிக்கிறோம் அல்லவா? அதையே நாளுக்கு நாள் நகர்த்திக்கொண்டு போனால் அதுதான் நகரும் சராசரி. பங்கு, தங்கம், பூ என்று தினமும் விலை மாறுகிற எதற்கும் இதைப் போடலாம்.

எதுக்கு இது?

கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் மல்லிகை விலை தினமும் ஒரே மாதிரி இருக்காது. முகூர்த்த நாளில் சட்டென்று ஏறும், மறுநாளே இறங்கிவிடும். விலை நிஜமாவே ஏறுதா, இல்லை ஒருநாள் ஏற்றம்தானா என்று தெரிந்தால்தான் பூ போடுகிறவர்கள் ஏமாறாமல் இருக்கலாம்.

போட்டுப் பார்ப்போம் வாங்க

ஏழு நாள் விலை, ஒரு கிலோவுக்கு ரூபாயில் (கணக்குக்காக நானே எழுதியது):
300, 320, 280, 900, 320, 280, 300

முதல் மூன்று நாளைக் கூட்டினால் 900. 3-ஆல் வகுத்தால் 300. அடுத்த நாள் 900 உள்ளே வருது, முதல் நாளின் 300 வெளியே போகுது. 900 + 900 – 300 = 1500. வகுத்தால் 500. இப்படியே போனால்:
300, 500, 500, 500, 300

சரியா என்று சோதிப்பது எப்படி?

1. எல்லா நாளும் 50 என்று வைத்தால், விடையும் 50 மட்டுமே வர வேண்டும்.
2. 1, 2, 3, 4, 5 என்று வைத்தால் 2, 3, 4 வர வேண்டும்.
3. ஏழு நாளுக்கு ஐந்து விடைதான் வரும். முதல் இரண்டு நாளுக்கு விடை கிடையாது. அங்கே 0 போட்டால் தப்பு.
4. மூன்றையும் புதிதாகக் கூட்டிப் பார்த்தாலும், கூட்டிக் கழித்துப் பார்த்தாலும் ஒரே விடை வர வேண்டும்.

பங்கு விலைக்கான டிஏ-லிப் என்ற கணினி நிரல் தொகுப்பிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. கணினி போட்டாலும் சோதனை இதேதான்.

கவனிக்க வேண்டியது

ஆறாம் நாள் மார்க்கெட்டில் விலை 280. ஆனால் சராசரி 500 என்று சொல்லுது! முகூர்த்தம் முடிந்து இரண்டு நாள் ஆகியும் அந்த 900 கணக்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ஆகவே நகரும் சராசரி நடந்ததைத்தான் சொல்லும், அதுவும் தாமதமாக. நாளைய விலையைச் சொல்லாது. இதை நம்பி மட்டும் கடன் வாங்கினால் நஷ்டம்தான்.

மழையிலும் உண்டு

இந்திய வானிலை ஆய்வுத் துறை, நாட்டின் தென்மேற்குப் பருவமழைக்கு 50 ஆண்டுச் சராசரி வைத்திருக்கிறது. 1961 முதல் 2010 வரை என்று இருந்ததை 2022-இல் 1971 முதல் 2020 வரை என்று நகர்த்தினார்கள். சராசரி 88 செ.மீ.-இலிருந்து 87 செ.மீ. ஆனது. பத்து வருஷம் வெளியே, பத்து வருஷம் உள்ளே. நம்ம பூக்கணக்கேதான்!

நீங்களே செய்யுங்கள்

மேலே உள்ள விலைக்கு 5 நாள் நகரும் சராசரி காண்க. 3 நாளுக்கும் 5 நாளுக்கும் என்ன வித்தியாசம் என்று யோசியுங்கள்.

(விடை: 424, 420, 416. ஏற்றம் குறைவாகத் தெரியும், ஆனால் அந்த 900 இன்னும் அதிக நாள் உள்ளேயே இருக்கும்.)


ஒன்பதாம் வகுப்பு மாணவி