முகப்பும் உள்நெறியும்

கைப்பேசிச் செயலி இயற்றப் பயிலும் மாணவர் முதற்கண் அறியவேண்டுவது, கண்ணுக்குத் தோன்றும் முகப்பு வேறு, கணக்கும் விதியும் அடங்கிய உள்நெறி வேறு என்பதாம். 1979-ஆம் ஆண்டில் நார்வே நாட்டு அறிஞர் டிரிக்வே ரீன்ஸ்காக் இப்பிரிவினையை மாதிரி, காட்சி, கட்டுப்பாடு என மூன்றாக வகுத்தார். இதனை நம் பொருநை நாட்டுக் கொற்கையின் பெயர்கொண்டே விளக்குவோம்.

'கொ' என்பதில் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னும், கால் பின்னும் நிற்கக் காண்கிறோம். 'கை' என்பதிலோ குறி முழுதும் முன்னே நிற்கிறது. பழைய எழுத்துருக்கள் பல, கண் கண்ட இவ்வரிசையையே சேமித்தன. விளைந்த கேடு யாது? எழுத்துருவை மாற்றியவுடன் ஊர்ப்பெயர் பொருளற்ற குறிகளாயிற்று. தேடலும் அகரவரிசையும் இடர்ப்பட்டன.

யூனிகோடு முறையோ, ககரத்தை முன்னும் உயிர்க்குறியைப் பின்னுமாக, ஒலிக்கும் முறையிலேயே சேமித்து, கொம்பை இடம் மாற்றும் வேலையைக் காட்சிப் பகுதிக்கு விட்டது. 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்திய 'லை' வடிவம் வேண்டுமாயினும், அதற்குரிய எழுத்துருவை இட்டாற் போதும், சேமித்தது மாறாது.

நிற்க. செயலியிலும் இவ்வாறே. உப்பளத்துக் கூலிக் கணக்கைத் திரையின் பொத்தானுக்குள்ளேயே எழுதிவிட்டால், திரையை மாற்றுங்கால் கணக்கும் கெடும். தனியே எழுதினால், திரையின்றியே அதனைச் சோதித்துப் பிழை களையலாம். திரை அழகு குன்றினால் கண் சற்றே வருந்தும். கணக்குப் பிழைத்தாலோ ஒரு குடும்பத்தின் கூலி குறையும். ஆதலின், உள்நெறியை முதலில் தனியே எழுதி, பின்னரே முகப்பை அமைக்கப் பழகுவோமாக.