‘லக் இன்டு’ – ஓர் ஆங்கிலத் தொடரும் ஜூரோங் தரும் பாடமும்



ஆங்கிலத்தில் வினைச்சொல்லோடு ஒரு சிறு சொல் சேர்ந்து புதுப்பொருள் தருவதுண்டு. அவற்றுள் ‘லக் இன்டு’ என்பதும் ஒன்று. எதிர்பாராமல் ஒரு நன்மையை அடைதல் என்பது அதன் பொருள். ‘ஹீ லக்ட் இன்டு எ குட் ஜாப்’ என்றால், ‘அவனுக்குத் தற்செயலாக நல்ல வேலை வாய்த்தது’ என்று கொள்க. இது பேச்சு வழக்கு; தேர்வுக் கட்டுரையில் எழுதலாகாது.

இங்கே ஒரு நுட்பம் காண்போம். ஆங்கிலத்தில் ‘அவன்’ எழுவாய். தமிழிலோ ‘வேலை’ எழுவாய். அவன் நான்காம் வேற்றுமை ஏற்று ‘அவனுக்கு’ என நிற்கிறான். முயலாமல் வந்த பொருளுக்கு அவனைக் கருத்தாவாக்க நம் மொழி உடன்படவில்லை. ‘காகம் உட்காரப் பனம்பழம் விழுந்தது’ என்னும் பழமொழியும் இதனையே உணர்த்தும்.

இத்தொடரை எங்கே வழங்கலாகாது? ஜூரோங்கைப் பாருங்கள். சதுப்பு நிலமும் குன்றுகளும் ரப்பர்த் தோட்டங்களுமாய்க் கிடந்த அவ்விடத்தில், 1961ஆம் ஆண்டு தொழிற்பேட்டைப் பணி தொடங்கிற்று. குன்றுகளை வெட்டிச் சதுப்பை நிரப்பினர். ஆலைகள் விரைந்து வாராமையால், திட்டத்தை முன்னின்று நடத்திய நிதியமைச்சர் டாக்டர் கோ கெங் சுவீயைப் பலர் எள்ளினர். ‘கோவின் மடமை’ என்றனர். 1963இல் தேசிய இரும்பு எஃகு ஆலை உற்பத்தியைத் தொடங்கிற்று. 1965இல் துறைமுகம் இயங்கலாயிற்று. 1968இல் ஜூரோங் நகரக் கழகம் நிறுவப்பெற்றது. கரையோரத்து ஆழ்கடல் இயற்கை தந்த பேறு. ஆயின் துறைமுகம் தானே முளைக்கவில்லை. ஆகவே, ‘சிங்கப்பூர் லக்ட் இன்டு ஜூரோங்’ என்பது பிழை; இலக்கணப் பிழையன்று, நீதிப் பிழை.

இப்பிழை நம் வீடுகளிலும் நிகழக் காண்கிறோம். பால்மரம் வெட்டும் தொழிலாளியின் மகள் தேர்வில் முதன்மை பெற்றால், ‘அதிர்ஷ்டக்காரி’ என்கிறோம். விளக்கொளியில் அவள் விழித்திருந்த இரவுகளும், விடியுமுன் பாலெடுக்கச் சென்ற தாயின் உழைப்பும் அச்சொல்லில் மறைந்துபோகின்றன. அதைக் கேட்கும் தம்பியரோ, படிப்பை விட்டுப் பனம்பழம் விழக் காத்திருப்பர்.

வழியில் கிடைத்த காசுக்கு ‘லக் இன்டு’ என்க. உழைத்துப் பெற்றதற்கு ‘ஏர்ன்’ என்னும் சொல் இருக்கிறது. இரண்டையும் வேறு பிரித்தறிதலே இப்பாடத்தின் பயன்.

பயிற்சி: நீங்கள் தற்செயலாகப் பெற்றது ஒன்று, உழைத்துப் பெற்றது ஒன்று குறித்துத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒவ்வொரு வாக்கியம் எழுதுக.