வோட்டு யாருக்கு உரியது?



தேர்தல் வந்தால் லயத்து வாசலில் ஒரு பேச்சு அடிபடும். "நம்ம ஒரு வோட்டால என்னா ஆகப்போகுது?" என்பார்கள். இதற்குப் பதில் தேட, இந்த முறை இங்கிலாந்தில் நடந்த ஒரு பழைய வாக்குவாதத்தைப் பார்ப்போம்.

தேவாலயத்தில் நடந்த பேச்சு

அங்கே மன்னர் முதலாம் சார்ள்சுக்கும் பாராளுமன்றத்துக்கும் யுத்தம் நடந்து, பாராளுமன்றப் படை வென்றது. சிப்பாய்களுக்கோ சம்பளம் பாக்கி. 1647 ஒக்டோபரில், லண்டனுக்குப் பக்கத்தில் தேம்ஸ் ஆற்றங்கரையிலுள்ள பட்னி ஊர்த் தேவாலயத்தில், தளபதிகளும் சிப்பாய்களின் பிரதிநிதிகளும் கூடினார்கள். இனி நாட்டை எப்படி ஆளுவது என்பதுதான் பேச்சு.

அப்போது நாட்டுப்புறத்தில் வோட்டுப் போட, வருஷம் 40 ஷிலிங் வருமானம் தரும் சொந்த நிலம் வேண்டும். தளபதி அயர்ட்டன் அதுவே சரி என்றார். நிலையான சொத்து உள்ளவனுக்குத்தான் நாட்டில் அக்கறை இருக்கும், மற்றவன் இன்றைக்கு இருப்பான், நாளைக்குப் போய்விடுவான் என்பது அவர் வாதம்.

கேணல் ரெயின்ஸ்பரோ அதை ஏற்கவில்லை. பெரிய மனுசனைப் போல ஏழையும் இதே சட்டத்தின் கீழ்தான் வாழ வேண்டியிருக்கிறது. ஆகவே அவன் சம்மதத்தையும் கேட்க வேண்டும், கேட்காத அரசுக்கு அவன் கட்டுப்பட்டவன் அல்ல என்றார். உயிரைப் பணயம் வைத்த எங்களுக்கு உரிமை இல்லையா என்று செக்ஸ்பி என்ற சிப்பாயும் கேட்டார்.

அன்று அவர்கள் கேட்டது கிடைக்கவில்லை. பெண்களின் வோட்டைப் பற்றி அங்கே யாரும் பேசவே இல்லை. இங்கிலாந்தில் வளர்ந்த ஆண்கள் எல்லாருக்கும் வோட்டுக் கிடைத்தது 1918இல். பெண்களுக்குச் சமமாகக் கிடைத்தது 1928இல்.

லொக் சொன்னது

1689இல் ஜோன் லொக் என்ற அறிஞரின் நூல் வெளிவந்தது. ஆட்சி என்பது மக்கள் நம்பி ஒப்படைத்த பொறுப்பு என்றார் அவர். நம்ம மரண உதவிச் சங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பொருளாளர் கையில் பணம் இருக்கிறது, ஆனால் அது அவர் பணம் அல்ல. கணக்குக் காட்ட வேண்டும். நம்பிக்கையைக் கெடுத்தால் பொறுப்பைத் திருப்பி வாங்கலாம். அரசாங்கமும் அப்படித்தான்.

நமக்கு இதில் என்ன?

அயர்ட்டனின் வாதம் நமது பெரியவர்களுக்கு எதிராகவும் வந்தது. இலங்கையில் 1931இல் சர்வஜன வாக்குரிமை வந்தபோதும், "இவர்களுக்கு இந்த நாட்டில் நிலையான அக்கறை உண்டா?" என்று கேட்டு, இந்திய வம்சாவளியினருக்கு நிபந்தனை வைத்தார்கள். 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தால் பெரும்பாலானோர் நாடற்றவர் ஆனார்கள். 1949இல் வோட்டும் போனது. எஞ்சியிருந்தவர்களுக்கு வழி திறந்த சட்டம் வந்தது 2003இல்தான். காடு வெட்டி, மலையைத் தேயிலையாக்கியவர்களுக்கு நாட்டில் அக்கறை இல்லை என்று எப்படிச் சொல்ல முடிந்தது?

வோட்டு மட்டும் போதாது என்பதற்கும் உதாரணம் உண்டு. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்கத் தடையாக இருந்தது. சபைக்கு நாம் வோட்டுப் போட்டோம்; தோட்டத்துப் பாதைக்குப் பணம் இல்லை. கேட்டுக் கேட்டுத்தான் 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆகவே தோட்டத்துக்குள் செலவழிக்கச் சபைக்கு இப்போது சட்டத்தில் வழி உண்டு.

பட்னியில் சிப்பாய்கள் கேட்டதும், நம்ம பாட்டன் பூட்டிக்கு மறுக்கப்பட்டதும் ஒன்றேதான். அது யாரும் போட்ட பிச்சை அல்ல.

வீட்டில் பேசிப் பார்ப்போம்

1. வீட்டில் 18 வயதான எல்லாருடைய பெயரும் வாக்காளர் இடாப்பில் இருக்கிறதா? கிராம சேவகரிடம் கேட்டீர்களா?

2. வோட்டு யாருக்கு என்று வீட்டுப் பெண்கள் தாங்களே முடிவு செய்கிறார்களா?

3. போன தேர்தலில் நாம் அனுப்பியவரிடம் எப்போது கணக்குக் கேட்டோம்?