கேம் தண்டும் நான்கு பாகையும்

மனிதனுக்கு மூச்சு எப்படியோ, எஞ்சினுக்குக் காற்று அப்படி. அம்மூச்சை எப்போது இழுப்பது, எப்போது விடுவது என்று ஆணையிடுவது கேம் தண்டு. கிராங்க் தண்டு இரண்டு முறை சுழன்றால் கேம் தண்டு ஒரு முறை சுழலும். அதன் மேலுள்ள முட்டை வடிவ மேடுகளே வால்வுகளைத் திறக்கின்றன.

1983 டிசம்பரில் டில்லியை அடுத்த குர்கானிலிருந்து வெளிவந்த மாருதி 800 காரை அறியாதார் யார்? மூன்று சிலிண்டர், 796 கன சென்டிமீட்டர் கொண்ட அச்சிறு எஞ்சினை வைத்தே கோயம்புத்தூர் எஸ். கரிவரதன் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். ஆகவே அதையே நம் பாடமாகக் கொள்வோம்.

பந்தயக் கேமின் சிறப்பு யாது? அது உள்வாங்கும் வால்வை நெடுநேரம் திறந்து வைக்கிறது. வேகம் மிகும்போது விரைந்து வரும் காற்று, தன் உந்தத்தாலேயே மேலும் நுழைகிறது. வேகம் குறைந்தாலோ, நுழைந்த காற்றைப் பிஸ்டன் வெளியே தள்ளிவிடும். அதாவது, மேலே பெற்றதைக் கீழே இழக்கிறோம்.

இனி, பொருத்தும் முறை. டைமிங் பெல்ட்டின் குறிகளை மட்டும் நம்பலாகாது என்பேன். ஹெட்டைச் செதுக்கியிருந்தால் இரு தண்டுகளின் இடைவெளி குறைந்து, கேம் பின்தங்கும்.

முதலில், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அத்துளையில் பிஸ்டனைத் தடுக்கும் திருகு ஒன்றை இடுக. கிராங்க்கில் பாகைத் தகடு பொருத்தி, கையால் மெதுவாக இரு திசையிலும் சுற்றி, தட்டும் இரு இடங்களைக் குறிக்க. அவற்றின் நடுவே பிஸ்டனின் உச்சி. பிறகு திருகைக் கழற்றுக.

அடுத்து, உள்வாங்கும் வால்வின் மேல் டயல் கேஜை நிறுத்தி, எஞ்சின் ஓடும் திசையில் மட்டும் சுற்றுக. வால்வு முழுவதும் இறங்குவதற்கு 1.25 மில்லிமீட்டர் முன்னும், அதே அளவு பின்னும் பாகையைப் படிக்க. உச்சிக்குப் பின் 78, 142 என்று வந்தால், நடு 110. கேமுடன் வந்த தாள் 106 என்கிறதா? கேம் 4 பாகை பின்தங்கியுள்ளது. நெடுந்துளைப் பற்சக்கரத்தால் அதை முன்தள்ளுக. கிராங்க்கில் 4 என்பது கேமில் 2 என்பதை மறவாதீர்.

முன்தள்ளினால் தாழ்வேகத்தில் இழுவை கூடும்; பின்தள்ளினால் உயர்வேகத்தில் வலிமை கூடும். இவ்வெஞ்சினில் ஒரே தண்டு இருவகை வால்வுகளையும் இயக்குவதால், இரண்டும் சேர்ந்தே நகரும்.

முன்தள்ளிய கேம் உள்வாங்கும் வால்வைப் பிஸ்டனுக்கு நெருக்கமாகக் கொண்டு வரும். ஆதலால், திருத்திய பின்னரே பிஸ்டன் மேல் களிமண் ஒட்டிச் சுற்றிப் பார்க்க வேண்டும். உள்வாங்கும் வால்வுக்கு 2, வெளியேற்றும் வால்வுக்கு 2.5 மில்லிமீட்டருக்குக் குறையாத இடைவெளி வேண்டும் என்பது பட்டறை வழக்கு. வால்வு ஸ்பிரிங்கின் சுருள்களும் ஒன்றோடொன்று முட்டலாகாது. கையால் சுற்றும்போது எங்கேனும் தடுத்தால் அங்கேயே நிறுத்துக. பலம் காட்டினால் வால்வு வளையும்.

நண்பர்களே, ஐ.டி.ஓ. சந்திப்பில் நின்று நின்று நகரும் வண்டிக்கு இக்கேம் பயனற்றது. தயாரிப்பாளரின் வடிவிலிருந்து சாலை வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் தடுக்கிறது. இது பந்தயத் தடத்துக்கே உரியது. அங்கும் விலையுயர்ந்த கேமைவிட, சரியாக அளந்த கேமே வெல்லும். வாங்குமுன் அளக்கக் கற்போம்.