நல்ல போதகரை ஏன் மாற்றுகிறார்கள்?

கேள்வி: எங்கள் சேகர குருவானவருக்கு மாறுதல் வந்துவிட்டது. சபையே அழுகிறது. நன்றாக ஊழியம் செய்பவரை ஏன் பெயர்க்க வேண்டும்?
– வாசகர், நாசரேத்

பதில்: அழுகை புதிதல்ல. எபேசுவில் 3 ஆண்டுகள் உழைத்த பவுல், அந்தச் சபையின் மூப்பர்களை மிலேத்துவுக்கு வரவழைத்து விடைபெற்றதை அப்போஸ்தலர் நடபடிகள் 20ஆம் அதிகாரம் சொல்கிறது. அவர்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஆனாலும் கப்பல்வரை சென்று வழியனுப்பினார்கள். அங்கே பவுல் தன் கணக்கை ஒப்புவிக்கிறார்: யாருடைய பொன்னுக்கும் ஆசைப்படவில்லை, தன் கையால் உழைத்துப் பிழைத்தேன் என்கிறார். மந்தையையும் அந்த மூப்பர்களிடமே விடுகிறார். சபை அவருடைய சொத்தல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி இன்னும் கறார்; ஓராண்டு முழுக்க ஒரே இடத்தில் பிரசங்கித்தால் தானும் தூங்கிச் சபையையும் தூங்கவைத்துவிடுவேன் என்று எழுதியவர். (சில ஞாயிறுகளில் அதற்கு ஓராண்டுகூடத் தேவைப்படுவதில்லை.)

லண்டனில் பாப்டிஸ்ட் போதகர் ஸ்பர்ஜன் 1854 முதல் 1892இல் இறக்கும்வரை ஒரே சபையை நடத்தினாரே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் பாப்டிஸ்ட் முறையில் சபையே தன் போதகரை அழைத்துக்கொள்கிறது. தென்னிந்தியத் திருச்சபையில் திருமண்டலம் அனுப்புகிறது. உங்களுக்கே இந்தக் குருவானவர் கிடைத்ததும் வேறொரு சபையின் கண்ணீரில்தான். குடும்பங்களை அறியவே ஆண்டுகள் ஆகுமே என்றால், தவணையை நீட்டக் கேளுங்கள், அது நியாயம். மாறுதலே கூடாது என்பது நியாயமல்ல. அன்போடு அனுப்புங்கள், அடுத்த கல்யாணத்துக்குப் புதியவரையே கூப்பிடுங்கள்.